காறல் இல்லாத நல்லெண்ணெய்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. கணக்கு இடிக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். என் தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இருவரும் என் அடுப்புக்கு வந்துவிட்டார்கள். ஒன்பது பேரும் இன்றைக்கும் இருக்கிறார்கள், பல்லோடு இருக்கிறார்கள், தின்ற சோறு செரிக்கிறது. எல்லாம் சாமி பார்த்துக்கொண்டது என்று பெரிய மகன் சொல்வான். சாமி பார்த்தது பார்க்கட்டும். எண்ணெய் பார்த்து வாங்கியது நான்.

எழுத்து எனக்குப் பாதிதான் தெரியும். தோட்டத்துக்கு வந்த உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை உட்காரவைத்து மண்ணில் எழுத்துப் போட்டுக் காட்டுவார். நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். அரிசி முடிகிற வரைக்கும் எத்தனை எழுத்து வந்ததோ அத்தனைதான் கற்றேன். எழுதிவிடுவேன். எழுதியதை நானே திரும்ப வாசிக்க முடியாது. அதற்குப் பேத்தி இருக்கிறாள்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், மருமகள்மார் எந்த எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போய் வேறு எண்ணெய் வாங்குகிறார்கள். எழுதி வைத்தால், கேட்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

நான் சொல்வது காப்பிக் காலத்துச் சங்கதி. இப்போது இந்த மலை முழுக்கத் தேயிலை. அப்போது முழுக்கக் காப்பி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். பழம் சிவந்ததும் பறிப்போம். ஸ்டோரில் தோலை உரிப்பார்கள், தளத்தில் பரப்பிக் காயவைப்போம், மாட்டு வண்டியில் கண்டி ரயிலுக்குப் போகும். அவ்வளவு காப்பியைத் தொட்ட நாங்கள் குடித்தது மல்லித் தண்ணீர். காப்பி ருசி எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் விரும்பிக் குடிக்கிறார்கள், ஆகவே கசப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆட்கள் அக்கரையிலிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தவர்கள். அப்படி வருகிறவர்கள் மூட்டையில் கொண்டுவரக்கூடியது கொஞ்சம். தலைக்குள் கொண்டுவந்தது நிறைய. அதில் ஒன்று, தேங்காயெண்ணெய் தலைக்கு, நல்லெண்ணெய் சட்டிக்கு என்பது. இந்த ஊரில் அது தலைகீழ். சிங்கள ஊர்களில் சட்டியில் காய்வது தேங்காயெண்ணெய். எள்ளெண்ணெய் மருந்துக்கு, முழங்காலில் தடவுவதற்கு. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வழியாகப் போகும்போது, இவர்கள் தைலத்தில் கறி தாளிக்கிறார்கள் என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். தலையில் தேய்ப்பதைத் தின்கிறார்கள் என்று நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன.

ஆனால் எங்கள் நல்லெண்ணெயில் ஒரு விஷயம் இருந்தது. அது அக்கரையில் எங்கேயோ செக்கில் ஆடி, தோணியில் கிடந்து, கொழும்பில் கிடந்து, வண்டியில் வெயில் பட்டு, கண்டிக் கடைகளில் பெரிய ஜாடிகளில் கிடந்து எங்களிடம் வரும். எள்ளை ஆட்டியவன் அதற்குள் அதை மறந்திருப்பான். மூடியைத் திறந்தால் காறல் வாடை மூக்கில் ஏறும். நாக்கில் வைத்தால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காது. நாங்களோ அதுதான் நல்லெண்ணெய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து வந்தவர்கள் நடந்த நடையில் பழைய ருசியை மறந்துவிட்டார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு வேறு ருசி தெரியாது. லயத்தில் ஒரு பேச்சு இருந்தது: "எண்ணென்னா நெஞ்சுல நிக்கணும். நின்னாத்தான் அது எண்ணெ." நெஞ்சில் நின்றது. எல்லாருக்கும் நின்றது. ஏப்பம் விட்டுக்கொண்டே அதைப் புகழ்ந்தோம்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது நிற்பதோடு விடவில்லை. சாப்பிட்டு எழுந்தால் நெஞ்செரிச்சல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காப்பிச் செடிக்கு நடுவே குந்திவிடுவார். கங்காணி, வேலைக்குக் கள்ளம் என்று ஏசுவார். கடைசியில் பேராதனைப் பக்கம் ஒரு சிங்கள வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர். கொஞ்சம் தமிழ் பேசுவார். நாடி பார்த்துவிட்டு, என்னவெல்லாம் சாப்பிடுகிறாரோ அதையெல்லாம் கொண்டுவா என்றார். அடுத்த தடவை போகும்போது அரிசி, கருவாடு, புளி, எண்ணெய் எல்லாவற்றிலும் கொஞ்சம் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் அரிசியைப் பார்த்தார். கருவாட்டைப் பார்த்தார். எண்ணெய்க் குடுவையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனவர், கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"இது வெளக்குக்கா?"

"இல்லங்க ஐயா, சோத்துக்கு."

"வெளக்குக்கு இல்லையா?"

"சோத்துக்குத்தாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இத்தனை நாள் எப்படி இருந்தாய் என்று கேட்பது போலிருந்தது. மருந்து என்று ஒன்றும் பெரிதாகத் தரவில்லை. பக்கத்தில் ஆட்டியதை வாங்கு, புதிதாக வாங்கு, கொஞ்சமாக வாங்கு, ஒரு தடவை காய்ந்து புகைந்த எண்ணெயைத் திரும்ப அடுப்பில் வைக்காதே என்றார். கருவாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒரு துண்டை அவர் வீட்டுப் பூனை எடுத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தேங்காயெண்ணெயில் சமைத்தேன். எரிச்சல் குறைந்தது. ஆனால் அவர் சோற்றுக்கு முன்னால் உட்காருவது துக்க வீட்டில் உட்காருவது போலிருந்தது. தலைக்கு வைப்பதைத் தின்னவைத்துவிட்டாளே என்று என்னைப் பார்ப்பார். வாயால் சொல்ல மாட்டார். வாயால் சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

குண்டசாலைப் பக்கம் சிங்களவர்கள் காடு வெட்டி எள் போடுவார்கள். அங்கே ஒரு பெண்ணைப் பிடித்தேன். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பாஷை வராது. எள்ளைக் கையில் அள்ளிக் காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. அவர்கள் ஊரிலேயே மாட்டுச் செக்கு இருந்தது. எள்ளை வாங்கிக் கொடுத்து, மாடு சுற்றுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று, எண்ணெய் இறங்கியதும் என் பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு வந்தேன். பொன் நிறம். வாசனை பிடித்தால் எள் வாசனைதான் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு அதில் புளிக்குழம்பு தாளித்தேன். என் வீட்டுக்காரர் பாதிச் சோறு தின்றுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"என்னா புள்ள, எண்ணெ ஊத்த மறந்துட்டியா?"

"ஊத்திருக்கேன்."

"அப்பறம் ஏன் ஒண்ணுமே பண்ணல?"

"பண்ணாம இருக்கத்தான் ஊத்தினேன்."

அதற்குப் பிறகு அவர் காப்பிச் செடிக்கு நடுவே குந்தவில்லை. கங்காணி வேறு ஆளை ஏசத் தொடங்கினார்.

இந்தச் சங்கதியை நான் கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் சாமான் வாங்குகிற நானாவிடம் கேட்டேன். நானா என்றால் அண்ணன், முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கடையில் எண்ணெய் ஜாடிகள் சுவரோரமாக வரிசையாக நிற்கும்.

"ஏன் நானா, இந்தக் காறிப்போன எண்ணெயை வச்சிக்கிட்டு எங்க கழுத்த அறுக்குறீங்க? புது எண்ணெ கொண்டுவந்தா ஆகாதா?"

அவர் சிரிக்கவில்லை. தராசைக் கீழே வைத்தார். "தங்கச்சி, ஒரு தடவ கொண்டுவந்தேன். வாப்பா மௌத்தாப் போயி கடை எங் கைக்கு வந்த அடுத்த வருஷம். நல்ல புது எண்ணெ. ஒங்க லயத்து ஆளுங்க அத்தன பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. ஏமாத்துறான்னு ஒரு பொம்பள கடை வாசல்ல மண்ண வாரித் தூத்தினா. அப்பறம்தான் எனக்கு வெளங்கினது."

"என்னா வெளங்குச்சு?"

"பழைய ஜாடியக் கழுவக்கூடாதுன்னு. இப்ப புதுசு வந்தா அதுல ஊத்தி, அடி மண்டியோட கலக்கிவிட்டுத்தான் விக்கிறேன். எல்லாரும் நல்ல எண்ணெ நல்ல எண்ணென்னு வாங்கிட்டுப் போறாங்க."

"நீங்க வீட்ல என்னா ஊத்துறீங்க?"

"நாங்களா? தேங்கா எண்ணெ. வயிறு நல்லா இருக்கணுமில்ல?"

இது நடந்து கொஞ்ச காலத்தில் என் மூத்த மகளைப் பெண் கேட்டு ஆள் வந்தது. மாப்பிள்ளை வண்டிக்காரன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேராதனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வீடு. காப்பி இறக்குகிற காலத்தில் எங்கள் ஸ்டோருக்கும் வண்டி கொண்டுவருவான். என் மகள் தளத்தில் காப்பி பரப்புவாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா என்று நான் கேட்டதில்லை. பேசாமல் ஒரு வண்டிக்காரன் மாட்டுக்கு அத்தனை தடவை தண்ணீர் காட்ட மாட்டான். அந்த மாடுகளுக்கு அவ்வளவு தாகமும் இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் மனது ஒப்பாமல் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஒரு வாய் தின்றுவிட்டால் சம்மதம். தின்னாமல் எழுந்து போனால் அவர்கள் பாலத்தைத் தாண்டுவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். என் மகளைப் பார்க்க முன்பே ஒரு கூட்டம் வந்து தின்னாமல் போயிருந்தது. இரண்டாவது கூட்டமும் அப்படிப் போனால் மூன்றாவது வராது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் மகளுக்கு மூன்றாவது கூட்டம் வேண்டியும் இருக்கவில்லை. அவளுக்கு இவன்தான் வேண்டும்.

இதில் சிக்கல் மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மாளை எண்ணெய்க்காரி என்றே அந்தத் தோட்டத்தில் சொல்வார்கள். எண்ணெய் விற்றதில்லை. எண்ணெய் பார்ப்பதில் பேர் எடுத்தவள். கண்டிக் கடைத்தெருவில் ஜாடி ஜாடியாக மோந்து பார்த்து, எது அதிகமாகக் காறுகிறதோ அதை வாங்குவாள். தேங்காயெண்ணெயில் சமைத்த வீடு என்று ஒரு பெண்ணை ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அந்தப் பெண் வீட்டில் சமைத்தது தேங்காயெண்ணெய் இல்லை, கொஞ்சம் புதிய நல்லெண்ணெய் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

அவர்கள் வருகிறார்கள் என்று நாள் குறித்ததும் என் மகள் உரலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னிக்கு ஒரு நாளைக்கு நானா கடையில எண்ணெ வாங்கிருவோம்."

"எதுக்கு?"

"அவுங்களுக்கு அதான் புடிக்கும்."

"அதைத் தின்னு ஒங்கப்பா பட்டது போதும்."

"அப்பா திங்க வேணாம். அவுங்க திங்கட்டும்."

"வீட்டுக்கு வந்தவுங்களுக்கு வெளக்குல ஊத்துறத ஊத்திக் குடுக்கவா?"

"தெனமும் அவுங்க அதத்தானே திங்கிறாங்க!"

"அவுங்க வீட்ல அவுங்க கையால ஊத்தித் திங்கட்டும். ஏங் கையால ஊத்த மாட்டேன்."

"ஒனக்கு நான் பெருசில்ல, எண்ணெதான் பெருசு" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாத நேரத்தில் நானாவின் கடைக்குப் போய் ஜாடியின் முன்னால் நின்றேன். அவர் அகப்பையை எடுத்தார். உப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். எனக்கு மகள் பெரிதுதான். அதனால்தான் வாங்கவில்லை. அந்த எண்ணெயை ஊற்றிக் கட்டிக்கொடுத்தால், அவள் வாழ்நாள் முழுக்க அந்த எண்ணெயை ஊற்றவேண்டி வரும். மாப்பிள்ளைக்கும் நெஞ்செரியும், அவன் பிள்ளைகளுக்கும் நெஞ்செரியும். ஒரு நாள் பொய் சொல்லலாம். ஒரு குடும்பத்துக்கே நெஞ்செரிச்சலைச் சீதனமாகக் கொடுக்க முடியாது.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அப்பா, அவன் அம்மா, மூன்று பேர். காலையில் புறப்பட்டு மலை இறங்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி மலை ஏறி வந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கதிரை இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா அதில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கும் மகனுக்கும் பாய். மாப்பிள்ளை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை. உள்ளே என் மகள் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாள் மூக்கை உயர்த்தினாள்.

"என்னா மதினி, என்னா எண்ணெயில சுடுறீங்க?"

"நல்லெண்ணெயிலதான் மதினி."

"வாசமே காணோமே?"

"அதுக்கு அவ்வளவுதான் வாசம்."

"எனக்கு நல்லெண்ணெ வாசம் சொல்லித் தர்றீங்களா? ஊருல எங்கப்பன் எள்ளுக்காட்டுலதான் என்னையப் பெத்துப் போட்டாங்க."

"அப்ப ஒங்களுக்குத் தெரியாதா என்னா? உள்ள வந்து பாருங்க."

வந்தாள். குடுவையைத் திறந்தாள். மோந்தாள். சாய்த்துப் பார்த்தாள். விரலில் ஒரு சொட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வாயில் வைக்கவில்லை. வழக்கம் தெரிந்தவள்.

"இது நல்லெண்ணெ இல்ல."

"பின்ன?"

"என்னத்தையோ கலந்துருக்கு. தேங்கா எண்ணெயில மஞ்சளக் கிஞ்சளப் போட்டு மாத்திருக்காங்க. வாடையும் இல்ல, சாரமும் இல்ல, தண்ணி மாதிரி ஓடுது." வெளியே திரும்பி, "ஏங்க, எந்திரிங்க. எண்ணெயில பொய் சொல்ற வீட்ல நாளைக்கு எதுல பொய் சொல்லமாட்டாங்க?" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்திருக்கவில்லை. காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கூரையிலிருந்து கண்ணை எடுத்து அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தான். என் மகள் பணியாரக் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பெற்ற ஏழில் அப்படி ஒரு பார்வை வேறு எதுவும் பார்த்ததில்லை. குழியில் கிடந்த பணியாரம் கருகிக்கொண்டிருந்தது.

லயத்துப் பெண்கள் வாசலில் சேரத் தொடங்கினார்கள்.

நான் எள்ளுப் பானையை எடுத்து உரலருகில் வைத்தேன். உலக்கையை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினேன்.

"இந்தாங்க மதினி. எள்ளு. ஒங்க கண்ணாலயே பாருங்க, எள்ளுதானா கல்லான்னு. நீங்களே இடிங்க, நீங்களே எண்ணெ எடுங்க, நீங்களே மோந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லாட்டி நானே ஒங்களப் பாலம் வரைக்கும் கொண்டுபோயி விட்டுட்டு வர்றேன்."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல நான் எள்ளு இடிக்கணுமா?"

வாசலில் ஒருத்தி, "இடிக்கத் தெரியாதோ என்னமோ" என்றாள். யார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா பாயிலிருந்து எழுந்து, காலியாகிவிட்ட கதிரையில் உட்கார்ந்துகொண்டார். "இடி புள்ள. பொய்யா மெய்யான்னு தெரிஞ்சிட்டுப் போவோம். எனக்கும் செத்த நேரம் கால் ஆறும்."

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். உலக்கையை வாங்கினாள். ஒன்று சொல்ல வேண்டும், அவள் இடிப்பது பார்க்க வேண்டிய இடிப்பு. எள் ஒன்றுகூட வெளியே தெறிக்கவில்லை. கொஞ்ச நேரம் இடித்துவிட்டு நிறுத்தி, "கருப்பட்டி எங்க? கருப்பட்டி போடாம எண்ணெ எப்பிடிப் பிரியும்? இதுகூடத் தெரியாம எள்ளு வச்சிருக்காங்க" என்றாள். அக்கரையில் செக்கில் எள்ளோடு பனங்கருப்பட்டி போடுவார்கள். இங்கே பனை ஏது? இந்த ஊர்க் கித்துள் மரத்துக் கருப்பட்டி ஒரு துண்டு கொடுத்தேன். சின்னது கொடுத்தேன், போதாது என்றாள். இன்னொன்றும் கொடுத்தேன்.

இடித்தாள். வெந்நீர் தெளித்துப் பிசைந்தாள். விழுது பளபளவென்று வந்தது. துணியில் அள்ளி முறுக்கினாள். கிண்ணத்தில் எண்ணெய் சொட்டியது. எங்கள் குடுவையில் இருந்த அதே நிறம்.

அதை மோந்தாள். குடுவையை மோந்தாள். மறுபடி கிண்ணத்தை மோந்தாள். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் தாங்களும் மோப்பது போல மூக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஊரு எள்ளே இப்பிடித்தான் போல" என்றாள்.

"எள்ளுல என்னா கொற, மதினி?"

"சத்தியம் இல்ல."

அதோடு உரலருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். வியர்த்து ஊற்றியது. காலையிலிருந்து நடந்த உடம்பு, அதற்கு மேல் இடித்த உடம்பு. என் வீட்டுத் தண்ணீர் குடிக்க முடியாது. யோசித்துக்கொண்டே உரலுக்குள் கையை விட்டாள். எண்ணெய் பிழிந்த பிறகு துணியிலிருந்து அவளே உதறிய எள்ளும் கருப்பட்டியும் அங்கே இருந்தன. ஒரு விள்ளல் எடுத்து உருட்டினாள். உருட்டியதை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். எங்கேயோ பார்த்தபடி இன்னொரு விள்ளல் எடுத்தாள்.

என் வீட்டுக்காரர் இருமல் வந்தும் அடக்கிக்கொண்டார். மாப்பிள்ளை கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். என் மகள் அடுப்பிலிருந்து கருகிய பணியாரத்தை மெதுவாக, சத்தம் வராமல் எடுத்தாள். உரலின் அடி தெரிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்:

"பொண்ணு பாக்க வந்த எடத்துல பணியாரத்த விட்டுட்டுப் பிண்ணாக்கு தின்னவ இந்தச் சீமையிலயே நீ ஒருத்திதான்டி."

அவள் கை உரலுக்குள்ளேயே நின்றது.

வாசலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிக்க இன்னும் நேரம் வரவில்லை.

"நான் எண்ணெ எறங்குச்சான்னு பாத்தேன்" என்றாள்.

"வாயிலயா பாத்த?"

"எதுல பாத்தா என்னா!"

"பாத்தது பாத்ததுதான். இவுங்க வீட்டு எள்ளு ஒன் வயித்துல இருக்கு. இனிமே எந்திரிச்சிப் போனா, தின்னுட்டுப் போறவன்னு பேரு வரும். போறியா?"

அவள் எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு என் மகளைப் பார்த்து, "என்னா நின்னுக்கிட்டிருக்க? பணியாரத்தக் கொண்டா. ஆறிப்போனா மாடுகூடத் திங்காது" என்றாள்.

என் மகள் கருகாதது பார்த்துத் தட்டில் வைத்தாள். அந்த அம்மாள் ஒரு பணியாரத்தை முழுதாக வாயில் போட்டுத் தின்று முடித்தாள். எல்லாரும் காத்துக்கொண்டிருந்தோம்.

"எண்ணெ பத்தல" என்றாள்.

அப்போதுதான் நான் சிரித்தேன்.

அந்த வருஷக் காப்பி அறுவடை முடிந்ததும் கல்யாணம் நடந்தது. என் மகள் அந்த வீட்டில் இரண்டு எண்ணெய்ப் பானை வைத்தாள். ஒன்று மாமியாருக்கு, நானா கடை எண்ணெய். மற்றது மற்ற எல்லாருக்கும், குண்டசாலை எள். இரண்டுக்கும் வேறு வேறு அகப்பை. ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை. என் மருமகன் இன்றைக்கும் ஒரு ஏப்பம் இல்லாமல் சாப்பிட்டு எழுகிறார். அவர் பிள்ளைகளும் அப்படியே.

ஆகவே மருமகள்மாருக்குச் சொல்கிறேன். தேங்காயெண்ணெயா நல்லெண்ணெயா என்று சண்டை போடாதீர்கள். இந்த ஊரில் தேங்காய் புதிதாகக் கிடைக்கிறது, அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. எள் கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் எப்போது ஆட்டியது என்று கேளுங்கள். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தால் வாங்காதீர்கள். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். எள்ளென்றால் எள் வாசனையும் தேங்காயென்றால் தேங்காய் வாசனையும் வர வேண்டும், பழைய வண்டிச் சக்கரத்தின் வாசனை வரக்கூடாது. பெரிய ஜாடியாக வாங்கிப் பெருமைக்கு வைக்காதீர்கள். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய் கறுத்துப்போயிருந்தால் விளக்கில் ஊற்றுங்கள். நெஞ்சில் நிற்பதுதான் எண்ணெய் என்று யாராவது சொன்னால், அவருக்கு வைத்தியரைக் காட்டுங்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். நிறுத்தினால் பொய் சொன்னதாகிவிடும். ஏனென்றால், காறல் எண்ணெய் தின்றால் உடம்புக்கு ஆகாது என்று நான் சொன்ன அந்த எண்ணெயை, நானாவின் மகன் கடையிலிருந்து வாங்கி, இன்றைக்கும் தின்றுகொண்டு, என்னைவிட மூத்தவளான அந்தச் சம்பந்தி அம்மாள், பேத்தியின் அப்பாயி, அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இப்போது இருப்பது மூத்த மகள் வீட்டில். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டாள். இதற்கு எனக்குக் காரணம் தெரியாது. அவள் வயிறு வேறு மாதிரி செய்தது என்று நினைக்கிறேன். மருமகள்மார் தங்கள் வயிற்றை அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து, "என்னா மதினி, என்னையப் பத்தி என்னா எழுதுறீங்க?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். "எண்ணெயப் பத்தி எழுதுறேன்" என்று கத்தினேன். "அப்ப என்னையப் பத்தித்தான்" என்றாள்.

கை ஓய்ந்துவிட்டது. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள், பையைக் கீழே வைக்கிறாள்.

இங்கே வா தாயி. இதை எடுத்து எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு, முதலிலிருந்து. எழுத்து விட்டுப்போயிருந்தால் நீயே போட்டுக்கொள். பிண்ணாக்கு வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி. உன் அப்பாயிக்குக் காது மந்தம்.